புது வண்டியின் கியர் சத்தம்

காபியை ஆறவிடாதீர்கள், மச்சான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உங்கள் தங்கை வீட்டில் இல்லாதபோது நான் போடும் காபி அப்படித்தான். இப்போதெல்லாம் அவள் இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் எனக்கு அந்தச் சுவை பழகிவிட்டது.

"அண்ணா, நீயே வந்து அவரைக் கேளு" என்று போனில் சொன்னாளாமே. தாராளமாகக் கேளுங்கள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அண்ணனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்?

நான் ஓய்வு பெற்றபோது அவளுடைய தையல் தொழில் நன்றாகச் சூடு பிடித்திருந்தது. திரைச்சீலை, சோபா உறை எல்லாம் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக்கொடுத்துவிட்டு வருவாள். என் பைக்கில்தான் போவோம். எங்கள் இருவருக்கும் நடுவில் துணி மூட்டை இருக்கும். அவள் அதன்மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு, என் காதருகில் "லெஃப்ட்ல திரும்புங்க... அய்யோ, அது ரைட்டு" என்பாள். வழி தவறித் தவறியே ஊரைச் சுற்றிப் பார்த்தோம். முப்பது வருடம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட வாழ்க்கை, யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த விடுதி ஆர்டர் வந்தது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய விடுதி. எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை. மூட்டை இனி பைக்கில் ஏறாது. அவளுக்கு இரண்டு சக்கரத்தில் நிதானம் கிடையாது, உங்களுக்குத் தெரியுமே, சைக்கிளிலேயே கிணற்றடிச் சுவரில் மோதியவள். அதனால் அவளே பணம் சேர்த்து, அவளே கடைக்குப் போய், பின்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வாங்கிவந்தாள். கிளட்ச் பிடிக்கிற வேலை இல்லை, காலால் கியரை மட்டும் மிதித்தால் போதும்.

முதல் நாள் பள்ளி மைதானத்தில் பழகினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கியர் விழும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்த மாதிரி வண்டிகளில் அது இருக்கும்.

"ஏங்க, ஏதோ உடையற மாதிரி கேக்குதே?"

"உடைஞ்சா சக்கரம் தனியா ஓடும். நீ போ."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்த வாரமே நன்றாகப் பழகிவிட்டாள். பிறகு ஒரு காலை, மூட்டையைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு, "இனிமே நீங்க எதுக்கு அலையணும்? வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நானும் ரெஸ்ட் எடுத்தேன். மதியம் வரை எடுத்தேன், சாயங்காலம் வரை எடுத்தேன். பொழுது போகாமல் வண்டியோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

அதில் ஒரு திருகைப் பற்றிப் போட்டிருந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று வைக்கிற திருகு. அதைச் சற்றே கூட்டி வைத்தால், கிளட்ச் கைப்பிடி இல்லாத வண்டியில் கியர் சத்தமாக விழும். நான் வால்வு பார்த்தவன். கொஞ்சம் திருப்பினால் எங்கே என்ன ஆகும் என்பது என் கைக்குத் தெரியும். கொஞ்சம்தான் திருப்பினேன்.

மறுநாள் காலை அவள் கியரை மிதித்ததும் 'டமார்' என்றது. வண்டி ஒரு குதி குதித்தது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்லயே பட்டாசுக் கடை போட்டுட்டீங்களா?" என்றார். தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் இறங்கி உள்ளே வந்து, "கூட வரீங்களா? தனியா போக ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடினேன். சந்தோஷத்தில்தான்.

பின்பெட்டியில் திரைச்சீலைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் 'டமார்'. ஒவ்வொரு 'டமாரு'க்கும் அவள் திரும்பி, "இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கேன், இருக்கேன்" என்பேன். கணவன் மனைவிக்கு நடுவில் இதைவிட இனிமையான பேச்சு ஏதாவது உண்டா, சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றாள். நியாயம்தானே, புது வண்டி. போவதற்கு முன் திருகைப் பழையபடி வைத்துவிட்டேன். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அக்கா, வெண்ணெய் மாதிரி போகுது" என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை கொஞ்சம் தயங்கி, "வண்டில ஒண்ணும் இல்லக்கா. உங்க காலுதான் அவசரப்படுது போல" என்றார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். தொழில் தெரிந்தவர் பேசும்போது நடுவில் புகுவது மரியாதை இல்லை.

அதன்பிறகு அவள் தைக்கும்போதே இடது காலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு, விரலால் அழுத்துவதும் எடுப்பதுமாகப் பழகினாள். மெல்லிய அடி வைத்த செருப்பு வாங்கினாள். ராத்திரி கால் வலிக்கிறது என்பாள். நான் தைலம் போட்டுத் தேய்த்துவிடுவேன். நம் வயதில் எத்தனை பேர் பெண்டாட்டி காலைப் பிடித்துவிடுகிறார்கள், மச்சான்? என் தங்கையைக் கட்டிக்கொண்டீர்களே, நீங்கள் அவளுக்குச் செய்திருக்கிறீர்களா? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் ஒரு மாலை அவள் அளவெடுக்கும் நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "விடுதிக்காரங்ககிட்ட முடியாதுன்னு நாளைக்குச் சொல்லிடறேங்க. என் காலுக்கு வண்டி ஒத்துவரல. எனக்கு எதுதான் ஒத்துவந்திருக்கு?" என்று அழுதாள். நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? சின்னச் சின்ன ஆர்டரா எடு. நான் இருக்கேன், பைக் இருக்கு" என்றேன். அவள் முடியில் புதுத்துணி வாசனை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது அந்த மாலை. பொய் சொல்வானேன், சமீபத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

உங்கள் தங்கை அழுது முடித்தபின் யோசிக்கிறவள். அதை நான் மறந்துவிட்டேன். மெக்கானிக் கடையிலிருந்து வீடு வரை வருகிற வண்டி சத்தம் போடுவதில்லை, வீட்டில் ஓர் இரவு நின்றால்தான் போடுகிறது என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. சிக்னலில் எஞ்சின் மூச்சு வாங்குகிறதே என்று மெக்கானிக்கிடம் போனில் கேட்டிருக்கிறாள். அவர் திருகு இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறார்.

அவளுடைய தையல் மெஷினில் நூலை இறுக்கும் குமிழைப் பார்த்திருக்கிறீர்களா? அதன்மேலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். யாராவது தொட்டுத் திருப்பினால் கோடு விலகிவிடும். எல்லாத் திருகுக்கும் அவள் அப்படித்தான் அடையாளம் வைப்பாள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, "குளிச்சிட்டு வரேன், கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். அவள் குளியலறைக் கதவைச் சாத்தியதும், கடைசித் தடவை சத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று, வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய்த் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். திரும்பிவந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். அவள் ஈரத்தலையோடு வந்து என் கையையே பார்த்தாள்.

"ஏங்க, கட்டைவிரல்ல என்ன செவப்பா?"

திருகின்மேல் அவள் அப்போதுதான் வைத்த நகப்பூச்சு இன்னும் காயவில்லை.

அவள் பஞ்சில் அந்த வாடையடிக்கும் திரவத்தை ஊற்றி, என் விரலைப் பிடித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். பிறகு கொட்டகைக்குப் போய்த் திருகைத் தானே சரிசெய்துகொண்டு கிளம்பினாள். கியர் விழுந்ததே எனக்குக் கேட்கவில்லை. விடுதி ஆர்டரை விடவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டாள்.

ஆமாம், மச்சான். சத்தம் வரவைத்தது நான்தான். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். அவள் காலில் எந்தக் குறையும் இல்லை. இதை அவளிடமும் சொல்வேன். அந்தத் திருகை இனிமேல் தொடமாட்டேன் என்று உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். போதுமா? நான் திருந்திவிட்டேன்.

அட, ஏன் ஜன்னலையே பார்க்கிறீர்கள்? இருட்டுகிறதே என்றா? விடுதி தூரம்தான், வழியில் தெருவிளக்கும் குறைவுதான். ஆனால் கவலை வேண்டாம், அவள் இந்நேரம் பாதி வழி வந்திருப்பாள். வண்டியின் முன்விளக்கு ஒயரைக் காலையில் லேசாகத் தளர்த்தி வைத்திருக்கிறேன். விளக்கு எரியாது என்று தெரிந்தால் பொழுதோடு கிளம்பிவிடுவாள் இல்லையா? அவளுக்கும் சேர்த்துத்தான் பால் வைத்திருக்கிறேன்.