கடுக்காய் கொடுத்தது உண்மை

என் பெயர் செவ்வந்தி, வயது 18, தகப்பனார் பெயர் ராசு. சொந்த ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கம். கள்ளக்குறிச்சியில் மாணவியர் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்து வருகிறேன். இன்று 30.01.2025 காலை யாரும் கூப்பிடாமல் நானாகவே என் அப்பாவுடன் காவல் நிலையம் வந்து உதவி ஆய்வாளர் அம்மாவிடம் சொல்வதாவது:

எங்கள் பள்ளிக்குள் செல்போன் கூடாது. ஆனால் தலைமை ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்கி, உயிரியல் ஆசிரியை ராதிகா மிஸ் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு மட்டும் பெஞ்சுக்கு ஒரு போன் அனுமதித்திருந்தார். ஒவ்வொரு பெஞ்சும் ஒரு மூலிகையைப் பற்றி இணையத்தில் தேடி எழுதி, அந்த மூலிகையையும் கொண்டுவந்து மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் வகுப்பு வாட்ஸப் குழுவில் தகவல் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பெஞ்சில் போன் என்னுடையது. எங்கள் பெஞ்சுக்குக் கடுக்காய் வந்தது.

23.01.2025 அன்று அந்த வகுப்பில் நான் தேடியபோது, ஒரு பக்கத்தில் கடுக்காய் என்று தான்றிக்காய் படத்தைப் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மலையில் நடை பழகும் பிள்ளைகூட அந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாது. மிஸ்ஸிடம் காட்டினேன். அதன் பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஐந்து கடுக்காயை மிஸ் கையில் கொடுத்தேன். மிஸ் வாங்கி ஆய்வகப் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி ஒட்டினார். அதன் பிறகு 11.09 மணிக்குக் குழுவில் "மிஸ்ஸுக்கு கடுக்கா குடுத்தாச்சி" என்று போட்டேன். எனக்கு முன்னால் கண்ணகி "நன்னாரி குடுத்தாச்சி" என்று போட்டிருக்கிறாள். எனக்குப் பின்னால் பாரதி "ஆடாதொடை குடுத்தாச்சி" என்று போட்டிருக்கிறாள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம், மறுநாள் நடக்க வேண்டிய உயிரியல் திருப்புதல் தேர்வின் வினாத்தாள் படம் ஏதோ ஒரு நம்பரிலிருந்து பலருக்கும் வந்தது. ஆசிரியர் அறை மேசையில் வைத்து எடுத்த படம். பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி 11.22. மறுநாள் தேர்வு நின்றுபோனது. திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் தீனதயாளன் சார் என்னைக் கூப்பிட்டு, மிஸ்ஸை ஏமாற்றி வெளியே போய் நான்தான் படம் எடுத்தேன் என்றார். இல்லை சார் என்றேன். அதற்கு அவர், "கடுக்கா குடுத்தாச்சின்னு உன் கையாலயே எழுதிக்கீற, இன்னும் இன்னா சாட்சி வேணும்?" என்றார். எங்கள் ஊரில் கடுக்காய் கொடுத்தான் என்றால் மூட்டையில் கொடுத்தான் என்று அர்த்தம். ஏமாற்றுவதற்கும் அதே பேச்சு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போலீசில் புகார் கொடுத்தாயிற்று, அது முடியும் வரை ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நான் அந்தத் தேர்வை எழுதியே தீருவேன். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

அன்று நான் வகுப்பை விட்டு வெளியே போனது உண்மை. 11.12 மணிக்கு, உள்ளே சிக்னல் இல்லை, வெளியில் போய்ப் படிக்கிறேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அது பொய். உள்ளேயே சிக்னல் நன்றாக இருந்தது. சைக்கிள் ஷெட்டுக்குப் போய், நகப்பூச்சு போடும் ஒரு அக்காவின் லைவ் பார்த்தேன். கடுக்காயைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. சைக்கிள் ஷெட் ஒரு கோடி, ஆசிரியர் அறை மைதானம் தாண்டி மறு கோடி. 11.21 மணிக்கு "அக்கா அந்த கலர் பேரு இன்னா" என்று லைவின் கீழே எழுதிக் கேட்டேன். அந்த அக்கா என் பெயரைப் படித்துப் பதில் சொன்னார். நகம் கடிக்கிற பழக்கம் இருந்தால் பூசலாமா என்று 11.22-க்கும், எத்தனை நாள் நிற்கும் என்று 11.23-க்கும் கேட்டேன். 11.31-க்கு வகுப்புக்குத் திரும்பினேன். அந்த லைவ் இன்னும் அழியாமல் இருக்கிறது. என் போனை ஒப்படைக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஏமாற்றுவது என்ற அர்த்தத்தில் நான் மிஸ்ஸுக்குக் கடுக்காய் கொடுத்தது 11.12-க்குத்தான். 11.09-க்குக் கொடுத்தது நிஜக் கடுக்காய், பாட்டிலில் இருக்கிறது. ராதிகா மிஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. நம்பி அனுப்பினார், நான்தான் கெடுத்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வினாத்தாளை யார் படம் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் பெயரைச் சொல்லி நான் தப்பிக்க மாட்டேன்.

அந்தப் போன், என் அப்பா இரண்டு வருடம் காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்று வாங்கிக் கொடுத்தது. ஊரில் எல்லாரிடமும் "எம் பொண்ணு போன்லயே படிக்கிது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். லைவ் விஷயத்தை நான் சொன்னபோது உதவி ஆய்வாளர் அம்மா எழுதுவதை நிறுத்தி, "அப்பா பக்கத்துல இருக்காரு பாப்பா. சைக்கிள் ஷெட்ல இருந்தேன்னு மட்டும் இப்போ எழுதிக்கட்டுமா? மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று கேட்டார்கள். வேண்டாம் மேடம், பார்த்ததைப் பார்த்தேன் என்றே எழுதுங்கள் என்று சொன்னேன்.

என் அப்பா, "எம்மா நேரம் பாத்த?" என்று கேட்டார். பத்தொன்பது நிமிடம் என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் உதவி ஆய்வாளர் அம்மாவிடம், "பத்தொம்போது நிமிசம்னே எழுதுங்கம்மா. கம்மி பண்ணி எழுத வாணாம்" என்றார்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டு, என் அப்பாவும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. சொன்னது அத்தனையும் நிஜம், பத்தொன்பது நிமிடமும் சேர்த்து.

(ஒப்பம்) ரா. செவ்வந்தி