துரைசாணி பார்க்க வரும் குகை

– நீங்க எதுக்குத் தலையாட்டுனீங்க? அப்படிக் குகையே இல்லைங்கன்னு சொல்ல வேண்டியதுதானே! ராத்திரி பூரா பங்களாவுல என்னதான் பண்ணிக்கிட்டு—

– சொல்ல விடுடி இராக்கம்மா—

– உங்க கூடப் பொறந்தவ அங்க கைப்புள்ளையோட ஒளிஞ்சு கெடக்கா. அவ இருக்கிற எடத்துக்கு நீங்களே வெள்ளைக்காரங்களக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?

– மெல்லப் பேசு. இந்த லயத்துல ஒரு காம்பராவுல தும்முனா அத்தன காம்பராவுக்கும் கேக்கும்.

– அந்தப் பயம் பங்களாவுல இருந்திருக்கணும்.

– தொரை கேட்டா இல்லைங்க முடியுமா? சீமையிலருந்து வந்திருக்கிற தொரைசாணி சாப்பாட்டு மேசையில அதையேதான் பேசுச்சாம், பங்களாவுல சமைக்கிற அப்பு சொன்னான். கப்பல்ல வர்ற வழியில ஒரு கடலோரத்துல மலை மூக்க நீட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள நிக்குமாம். அதுக்கு அடியில குகை குகையா இருக்குமாம். படகுலயே உள்ள போனாங்களாம். தண்ணி வெளக்கு வெச்ச மாதிரி நீலமா இருந்துச்சாம். இந்த ஊருல அப்படி எதுவும் உண்டான்னு கேட்டுருக்கு. எல்ல ஊருக்குப் பக்கத்துல அருவிக்குப் பின்னாலயே குகை இருக்கு, பொன்னையா கூட்டிட்டுப் போவான்னு தொரையே என்னையக் காட்டிச் சொல்லிப்புட்டாரு.

– அந்த அம்மாவுக்கு நீல வெளக்கு. உங்க தங்கச்சிக்குப் பதுளை ஜெயிலு.

– அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.

– ஆகாதா? கங்காணி கடனத் தீத்துத் துண்டுச்சீட்டு வாங்காம லுணுகலைத் தோட்டத்த விட்டு ஓடியாந்தவளுக்கு வேற என்ன குடுப்பாங்க, பூமாலையா? நேத்துக் காலையில அந்தக் கங்காணி ஆளுங்க ஆளு கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கே வந்துட்டானுங்க. செவந்தி அண்ணன் வீட்டுக்கு வரலையான்னு கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னானுங்க. எனக்குக் கொழுந்துக் கூடை தலையில நிக்கல.

– ஞாயித்துக்கெழம மூட்ட ஏத்துற தாஸிம் நானா வண்டி வந்துரும். சாக்குக்கு நடுவுல படுக்க வெச்சு, பதுளை தாண்டி விட்டுருவாரு. அது வரைக்கும் யாரு கண்ணுலயும் படாம இருக்கணும், அவ்வளவுதான? அதுக்குத்தான் நான் ஒரு வேல பண்ணியிருக்கேன். கேளு மொதல்ல.

– என்ன வேல?

– அங்க குகை ரெண்டுல்ல? நாம செவந்திய வெச்சிருக்கிறது கீழ்க் குகை. கீழ்க் குகையில குளவிக் கூடு இருக்குங்க, அண்ட முடியாது, மேல் குகைதான் நல்லா விசாலம், வௌவால வெரட்டிப்புட்டா தொரைசாணி நிமிந்தே நடக்கலாம்னு சொன்னேன். தொரை என் முதுகுல தட்டுனாரு. என்னடி, சிரிப்புக் கூட வரல?

– மேல் குகையா? ஏங்க, மேல் குகை வேணாங்க, இப்பவே போயி—

– கிறுக்கச்சி, வௌவாலுக்கா பயப்படுற? அதெல்லாம் முடிச்சாச்சு. விடியக்காலமே நாலு ஆளக் கூட்டிக்கிட்டு அங்கதான் போனேன். வேட்டிய மோந்து பாரு.

– புகை நாத்தம்.

– பின்ன? பங்களாக் கொட்டகையிலருந்து கொண்டு போன காஞ்ச மானாப்புல்ல வாசல்ல குமிச்சு, மேல பச்சத் தழையப் போட்டுப் பத்த வெச்சேன். புகை வெளிய போயிரக் கூடாதுல்ல, கொப்பு கொப்பா வெட்டி அடைச்சுட்டோம். மேல இருக்கிற பொத்தல் வழியா வௌவால் கெளம்புச்சு பாரு, கருமேகம் மாதிரி!

– வாசலையுமா அடைச்சீங்க?

– அடைக்காம? நெருப்பு அணையாமப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் நான் கஞ்சி குடிக்க வந்தேன். அருவி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. ஒரு குஞ்சு வௌவாலு மட்டும் பச்சப்புள்ள அழுவுற மாதிரி ஒரு தரம் கத்துச்சு, அப்புறம் அதுவும் அடங்கிருச்சு. ஏய், கஞ்சிய ஊத்தாம எங்கடி ஓடுற? என்னன்னு சொல்லிட்டுப் போ.

– நேத்து மழையில கீழ்க் குகைக்குள்ள தண்ணி ஏறிடுச்சுங்க. நீங்க பங்களாவுல இருந்தீங்க. பொழுது சாயுறப்ப நான்தான் செவந்தியையும் புள்ளையையும் மேல் குகைக்கு மாத்துனேன். எவன் வந்தாலும் வெளிய வராத, புள்ள அழுதா வாயப் பொத்திக்கன்னு சொல்லிட்டு வந்தேன்.