மகள் கடித்துக் கொடுத்த ஜெல்லி மிட்டாய்

ஜெனிட்டா, நீ இறந்தபின் இன்றுதான் பஸ் ஏறினேன் தங்கச்சி. முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மகள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் காய்ச்சலாகக் கிடக்கிறாள். அவளுக்காகப் பழனி முருகனுக்கு நேர்ந்து, இவள் கறியும் மீனும் தின்பதை விட்டிருக்கிறாள். மடியில் ஜெல்லி மிட்டாய். பக்கத்தில் பர்தா போட்ட பேகம்பூர்க்காரி.

“மாட்டுத்தோல்ல கழிச்சதக் காச்சித்தான் இத உறைய வைக்கிறாகளாம்க்கா. தோல்ஷாப்புல வேல பாக்குற எங்க வீட்டுக்காரர் சொன்னாரு.”

“நேத்து எம்புள்ள பாதிய கடிச்சு என் வாயில வச்சாளே. அதான் காச்சல் எறங்கலையா?”

“புள்ள ஊட்டுனதுக்கு உங்க முருகன் கோவிப்பாரா? சும்மா வாங்க.”

“இன்னைக்கும் ஊட்டுவா. வேணாம்னா அழுவாளே.”

“அழ விடாதீங்க. தின்னுருங்க.”

அவள் மிட்டாயை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. இதை வாசிக்கிற எல்லோரும் என் தங்கச்சி ஜெனிட்டாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஜெபம் செய்யுங்கள்.