நம்பர் பிளேட் இல்லாத பதினொரு பேர்

அவைக்குத் தலைமையேற்ற ஐயா நத்தானியேல் அவர்களே, அருகமர்ந்த மருத்துவப் பெருமக்களே, அயராத செவிலியச் சகோதரிகளே, ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! இன்று ஓய்வுபெறும் கிருபானந்தத்தின் பணிவான வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் இம்மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருந்தேன். காயம் எது, காரணம் எது என்று படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது என் வேலை. பிழையே செய்யாதவர் என்று வாழ்த்தினீர்கள். அந்தச் சொல் என்னைச் சுட்டது!

சென்ற ஆண்டு, 2008. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று பேட்டரி ஸ்கூட்டர்கள் ஊருக்குள் வந்தன. விழுந்தவர்களும் வந்தார்கள். எங்கள் அறையில் ஒரு பழக்கம். "நம்பர் பிளேட் இருந்ததா?" என்று கேட்போம். இருந்தால் மோட்டார் வண்டி, இல்லையென்றால் சைக்கிள். பேட்டரி ஸ்கூட்டருக்கு ஏது நம்பர் பிளேட்? அத்தனையையும் சைக்கிள் என்றே எழுதினேன்!

டாக்டர் பிரிஸ்கில்லா, கம்பெனிகளில் எச்சரிக்கைக் கூட்டம் நடத்த நினைத்தார். "பேட்டரி வண்டில விழுந்தவங்க எத்தன பேரு சார்?" என்றார். குறியீட்டு எண்களை மட்டும் பார்த்து ஐந்தே நிமிடத்தில் பதில் தந்தேன்: "ஒருத்தருமில்ல டாக்டர்." கைதட்டாதீர்கள் ஐயா, பொறுங்கள். கூட்டம் நடக்கவில்லை.

மூன்றே வாரம். ஷூ தைக்கும் வஜீதா வந்தார். கம்பெனி வாசலில் இறங்கும்போது, ஓசையின்றி ஆன் நிலையிலேயே இருந்த வண்டியின் ஆக்சிலேட்டரில் கை பட்டது. பாய்ந்தது வண்டி! சுவரில் நசுங்கியது வலது மணிக்கட்டு! வழக்கம்போல் கேட்டேன், "நம்பர் பிளேட் இருந்துச்சாம்மா?"

"இல்ல சார், பேட்டரி வண்டி. ஆஃப் பண்ணாம எறங்கினா பாயும்னு யாரும் சொல்லலியே. எங்க கம்பெனிலயே நாலு பேரு இப்படி விழுந்து இங்கதான் வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா? என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பழைய தாள்களைத் தேடினேன். பதினொன்று! பதினொன்றிலும் மருத்துவர் எழுதியது பேட்டரி ஸ்கூட்டர். நான் போட்டது சைக்கிளின் எண். குறியீட்டு எண்களைத் தரும் புத்தகத்தைக் குறை சொல்லமாட்டேன். புத்தகம் நம்பர் பிளேட்டைக் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். பன்னிரண்டாமவர் வஜீதா. மெஷினில் உட்கார்ந்தவர் இன்று இடக்கையால் நூல் வெட்டுகிறார்.

என் நாற்காலிக்கு வரும் கெசியா, எந்த வண்டி என்று கேளம்மா. எண்ணைப் பிறகு போடு. டாக்டர் அவர்களே, பன்னிரண்டு தாள்களும் உங்கள் மேசையில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தை நடத்துங்கள்.

வஜீதா அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அம்மா, என்னை மன்னியுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம். ஒன்றே ஒன்று: அவரால் கைதட்ட முடியாது. எனக்காக நீங்களும் தட்டாதீர்கள்.