சிரிக்கும் செங்கோட்டையன்

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவன் சாதாரணச் செருப்புதான் போட வேண்டும். லேஸ் வைத்த ஷூவை அவிழ்த்து முடிப்பதற்குள் தாலி கட்டிவிடுவார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜூட் என்கிற நான் இந்தத் தொழிலில் கற்ற உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் சந்தா. மாதாமாதம் கட்டினால் படங்களைத் திருத்தும் மென்பொருள் திறக்கும். படங்களும் அந்தக் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கும். இதன் அருமை பெருமைகளைப் போட்டோகிராபர் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசியவன் நான். ஹார்டு டிஸ்க்கை பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைக்கும் ஜெகதீஸ்வரனை மேடையிலேயே கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பாவம், அவரும் சிரித்தார்.

பிறகு என் பேங்க் கார்டு காலாவதியாகி, சந்தா நின்றது. எச்சரிக்கை மெயில்கள் வந்தன. விளம்பரம் என்று நினைத்து நான் திறக்கவில்லை. கெடு முடிந்ததும் கணக்கை மூடி, படங்களை அழித்துவிட்டார்கள். திருச்செங்கோட்டு அபிநயாவின் கல்யாணம் முழுதும் அதில் போயிற்று. கேமராவின் மெமரி கார்டுகளையோ, ஜலகண்டாபுரத்தில் அடுத்த கல்யாணத்துக்காக நானே அழித்திருந்தேன். இன்ஸ்டாகிராமில் போட்ட சில மணமகள் படங்கள் மட்டும் பிழைத்தன.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அபிநயாவின் அப்பா செங்கோட்டையன் மாரடைப்பில் இறந்துபோனார். ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். அவர் மனைவி சின்னாயி மகளோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

“ஏனுங்க சாமி, அவிய புள்ள தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுனாங்கல்ல, அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடுங்க. ஊட்டுல மாட்டோணும்.”

“அதுக்கென்னங்க, போட்டுடலாம்” என்றேன். துக்கத்தில் இருப்பவர்கள் மேல் இன்னொரு துக்கத்தை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி சந்தா கட்டினேன். அந்த மென்பொருளில் இப்போது ஏஐ இருக்கிறது. எடுக்காத படத்தையும் செய்து தரும். மணமகள் இன்ஸ்டாகிராமில் இருந்தாள். அப்பாவின் முகத்துக்கு என்ன செய்வது? திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்குக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை செல்போனில் எடுத்து வந்தேன். அதில் உம்மென்று இருந்த மனிதரைச் சிரிக்க வைத்து, மகள் தலையில் கையும் வைக்க வைத்தேன். வேலை சுத்தம். ஓரத்தில் என் பெயரைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

சின்னாயி படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அபிநயா அழவில்லை. படத்தையே உற்றுப் பார்த்தாள்.

“அண்ணா, அப்பாவுக்கு அந்தக் கையில சுண்டுவிரல் பாதிதானுங்களே. மீதி ரிக்குல மாட்டிப் போச்சுங்க.”

கல்யாணம் முழுக்க அந்தக் கையைப் படம் எடுத்தவன் நான். விரலைக் கவனித்ததே இல்லை. ஆனால் பதில் உடனே வந்தது.

“அப்பாதாம்மா சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாப்பாங்க, விரல் தெரிய வேண்டாம் தம்பின்னு. அதான் சேத்துட்டேன்.”

“அப்பா அதுக்கு வெக்கப்பட்டாருங்களா?” என்றாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அந்தப் பாதி விரலைத்தான் பிடித்துக்கொள்வாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சந்தா கட்ட மறந்ததைச் சொன்னேன். அது பாவமில்லை என்றார் ஃபாதர். எனக்குப் பின்னால் வரிசை நின்றதால் மற்றதைச் சொல்லவில்லை.

அபிநயா இப்போதும் சேலம் வந்தால் ஸ்டூடியோவுக்கு வருகிறாள். “அப்பா வேற என்னங்கண்ணா சொன்னாரு?” என்று கேட்பாள். அவளை மேலே படிக்க வைக்காததை நினைத்து அவர் வருந்தினார் என்றேன். இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு அரை மனதுதான் என்றும் ஒருநாள் சொன்னேன். அவ்வளவு தூரம் வருகிறவளைச் சும்மா அனுப்பக்கூடாது.

உண்மையில் செங்கோட்டையன் கல்யாணத்தன்று என்னிடம் பேசியது, “மொதல்ல சாப்டுட்டு வாங்க தம்பி, புள்ள எங்கியும் போயிராது” என்பது மட்டும்தான். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?