முன் இருக்கைக்குக் கீழே

அலுமினியப் படகு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம். பெரும்பாலானவர்கள் நீளத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கெதே என்ற பெரிய ஏரி மீனைப் பிடிக்கப் போகிறவர் உட்கார்ந்திருப்பதில்லை. எழுந்து நின்று, உள்ளங்கை நீளமுள்ள பொய் மீனை நாள் முழுவதும் வீசி வீசி இழுப்பார். அவர் ஆடும்போது படகும் சேர்ந்து ஆடக்கூடாது. அகலத்துக்குப் பிறகு பக்கங்களின் உயரம். அதற்குப் பிறகு, இருக்கைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது.

இதை நான் டேனிஷிலேயே சொல்லியிருக்கலாம். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருடங்கள் ஆகின்றன. ஆனால் தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டேன். விசாரணை அதிகாரி சம்மதித்தார். மொழிபெயர்ப்பாளர் கஜந்தி இதை டேனிஷுக்கு மாற்றுவார். நேற்று அவர் வேலை செய்ததைக் கவனித்தேன். நான் இருமியதைக்கூட விடாமல் சொல்லிவிடுவார் போலிருந்தது. அந்தத் தொழிலின் அருமை எனக்குத் தெரியும். சில்க்போர்க் நகரில் எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நான்தான் அதைச் செய்துவந்தேன். வைத்தியரிடம் போனாலும், கொம்யூன் என்ற நகரசபையிலிருந்து கடிதம் வந்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவையும் நான் பிழையாகச் சொன்னதில்லை.

அந்தோனிதாசன் என் மனைவி அமலராணியின் தம்பி. மன்னாரில் கடற்தொழில் செய்த குடும்பம். போர் முடிந்த மறுவருடம், முப்பத்தெட்டு வயதில் இங்கே வந்து, ஹேர்னிங்கில் ஒரு கதவு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தான். அவனோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழர், மீதிப் பேர் போலந்துக்காரர். டேனிஷ் அவனுக்கு அதிகம் தேவைப்படவில்லை. "யா, யா, தக்", ஓம், ஓம், நன்றி, என்பதை மட்டும் நல்ல சிரிப்போடு சொல்வான். மீதிக்கு நான் இருந்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அமலராணி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவன் சில்க்போர்க்குக்கு வந்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்தான். எனக்குத் துணையாக இருக்க வந்ததாகச் சொன்னான். நான் துணை கேட்டிருக்கவில்லை.

என் மகள் ஸ்ரெபானிக்கு இருபத்தொன்பது வயது. ஓர்ஹூஸில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள். நான் புத்தகம் வாசிப்பேன், அவள் எதிரே இருப்பாள். சில நாட்களில் மூன்று மணிநேரம் ஒரு வார்த்தையும் இல்லாமல் போகும். மௌனத்தை நான் குறையாக எண்ணியதில்லை. ஒரே அறையில் இருவர் பேசாமல் இருக்க முடிவது பெரிய நெருக்கம் என்றே நினைத்தேன். பேசினால் அவள் டேனிஷில் பேசுவாள். சிறுவயதில் நானே அவளுக்குத் தமிழ் கற்பித்தேன். ஒவ்வொரு பிழையையும் உடனே திருத்தினேன். வேறு எப்படிக் கற்பிப்பது? பதினான்காவது வயதில் ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிவைத்து, இனி இந்த மொழி வேண்டாம் என்று டேனிஷில் சொன்னாள். அன்றிலிருந்து என்னோடு தமிழில் ஒரு வாக்கியமும் கதைத்ததில்லை.

அவனோடு கதைத்தாள்.

அதை நான் அறிந்தது ஓர் ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை. இருவரும் ஏரிக்கரையில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

"மாமா, கச்சான் எழும்புது. இனி அங்காலப் பக்கம் எறிவம்."

"அடியாத்தை, கச்சானாம்! ஆரடி உனக்குச் சொல்லித் தந்தது?"

"நீங்கதானே. மறந்துபோனீங்களா? வயசு போட்டுது உங்களுக்கு."

"எனக்கோ வயசு? இந்தச் சீலாவை நீ இழுத்துக் காட்டு, பிறகு கதை."

எங்கள் கடலில் பிடிபடும் சீலா மீனைப் போல இருப்பதால் கெதேயை அவன் நன்னீர்ச் சீலா என்பான். அவள் வாக்கியங்களில் நிறையப் பிழை இருந்தது. அவன் ஒன்றையும் திருத்தவில்லை. பிழை வரும்போது பெரிதாகச் சிரித்தான், அவளும் சிரித்தாள். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு எங்கள் கடற்கரையில் என்ன பெயர் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தவன் அவன். நான் அவர்களைக் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் உச்சரிப்பைக் குறித்துக் கவலைப்படுவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

அடுத்த வாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், கரையில நிண்டு எறிஞ்சு காணாது, பெரிய மீனெல்லாம் நடுவிலதான். ஒரு படகு வேணும். நீங்கள் வாசிக்கிற ஆள், ஒண்டு தெரிஞ்செடுத்துத் தாங்கோ."

"உனக்குப் படகு தெரியாதா, தாசன்?"

"எனக்கு மரவள்ளம் தெரியும். இந்தத் தகரச் சாமான் ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தான்.

பக்கத்தில் ஸ்ரெபானி இருந்தாள். தன் தகப்பனின் வள்ளம் ஒருமுறை கடலில் கவிழ்ந்த கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினான். இரண்டு பேர் விடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். "படகு பிரண்டா ஒருக்காலும் அதை விட்டிட்டு நீந்தக்கூடாது, பிள்ளை. அது உன்னை விடாது, நீ அதை விடாத." அவள் தலையாட்டினாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மரம் மிதக்கும். அலுமினியம் மிதக்காது. அதனால்தான் படகு செய்கிறவர்கள் இருக்கைகளுக்குக் கீழே, நாங்கள் ரெஜிபோம் என்று சொல்லும் வெள்ளை நுரைக்கட்டியை அடைத்து மூடிவிடுகிறார்கள். படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் அது தாழாது, பிடித்துக்கொண்டு இருக்கலாம். இதையெல்லாம் வாசித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சரியான படகை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தேன்: ஐந்து மீற்றர் நீளம், நல்ல அகலம், உயர்ந்த பக்கங்கள், மூன்று இருக்கைகளுக்குக் கீழும் நுரை. அந்த விளம்பரத்தை அவனிடம் காட்டவில்லை.

நான் அவனை அழைத்துச் சென்றது ஹோல்கர் என்ற முதியவரின் களஞ்சியத்துக்கு. அங்கே நான்கு மீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய படகு ஒன்று கிடந்தது. தூண்டில் சாமான் வைப்பதற்காக ஹோல்கர் முன் இருக்கையையும் பின் இருக்கையையும் வெட்டித் திறந்து, நுரை முழுவதையும் எடுத்துவிட்டு மூடி போட்டிருந்தார். நேர்மையான மனிதர். எங்கள் இருவரையும் பார்த்து டேனிஷில் மெதுவாகச் சொன்னார்: தண்ணீர் ஏறினால் இது கல்லைப் போலப் போய்விடும். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னக் குளத்துக்கு மட்டுமே இதைப் பாவித்தேன். பெரிய ஏரிக்குக் கொண்டு போவதென்றால் முதலில் நுரையைத் திரும்ப அடைக்க வேண்டும்.

"என்னவாம், அத்தான்?"

"முன் இருக்கைக்குக் கீழே நல்ல இடம் இருக்காம். தூண்டில் பெட்டி வைக்கலாமாம்."

அது பொய் அல்ல. இடம் இருந்தது. பெட்டியும் வைக்கலாம்.

தாசனுக்கு விளங்கியதா என்று ஹோல்கர் என்னைக் கேட்டார். விளங்கியது என்றேன். அந்தோனிதாசன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, "யா, யா, தக்" என்றான். படகை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில் காருக்குள் எனக்கு இரண்டு தடவை நன்றி சொன்னான்.

ஒக்டோபரில் ஸ்ரெபானியின் பிறந்தநாளுக்கு ஒரு மிதவை அங்கி வாங்கிக் கொடுத்தேன். படகில் கால் வைத்தால் இதைக் கழற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஏன் ஒன்று மட்டும் வாங்கினீர்கள் என்று அதிகாரி நேற்று மூன்று விதமாகக் கேட்டார். இப்போது சொல்கிறேன். எனக்கு ஒரு பிள்ளைதான்.

நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை தனக்கு மூக்கடைத்துத் தடிமன், நாளை வரமாட்டேன் என்று அவள் செய்தி அனுப்பினாள். சனி காலை நான் அந்தோனிதாசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அது வழக்கமில்லை, அவனே ஆச்சரியப்பட்டான்.

"கச்சான் கொஞ்சம் கூடவாக் கிடக்கு அத்தான். பாப்பம், நாளைக்குப் போறன்."

"இப்படிக் காத்துக்குத்தான் பெரிய கெதே மேலே வருமெண்டு போட்டிருக்கு. மன்னாரார் குளத்துக்குப் பயப்பிடுவினமோ?"

"பயமோ? எனக்கோ?" சிரித்தான். "சரி, போட்டு வாறன். பெரிசு கிடைச்சால் தலை உங்களுக்கு."

நான் தேநீர் போட்டுக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தேன். அன்று நாற்பது பக்கங்கள் வாசித்தேன். நல்ல அமைதி இருந்தது.

அவளுக்குத் தடிமன் குறைந்திருந்தது. என்னிடம் சொல்லாமல் நேரே படகுத்துறைக்குப் போயிருந்தாள். எனக்குச் சொல்லாமல் அவனிடம் போவாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் திட்டத்தில் இருந்த ஒரே பிழை அது.

மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பின்பக்கத்தால் இரண்டு அலை ஏறியது. படகு சரிந்தது. அவன் சொல்லிக்கொடுத்தபடி இருவரும் அதைப் பிடித்தார்கள். அது கைகளுக்குள்ளேயே கீழே போய்விட்டது. பிறகு அவன் அவளுடைய மிதவை அங்கியைப் பிடித்தான். அது ஒருவருக்கான அங்கி. அவள் வாய்வரை தண்ணீர் ஏறியதைக் கண்டதும் அவன் கையை எடுத்துவிட்டான். அவள் பொலிசுக்குச் சொன்னது இது. அந்தப் பந்தியை நான் பலமுறை வாசித்துவிட்டேன். அவளுக்கு அங்கி கொடுத்தவன் நான். ஆனால் அவள் சொல்வது, எப்போதும், அவன் கையை எடுத்ததை.

அவனுடைய அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படகின் படத்தைப் பார்த்துவிட்டு ஹோல்கரும் வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஸ்ரெபானியிடம் வெகுநேரம் பேசினார். நான் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தேன். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் எதிரே, வழக்கமான நாற்காலியில் இருந்தாள். நான் புத்தகத்தை மூடினேன். பிறகு அவள் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அந்த மனுசன் சொன்னதை நீங்க மாமாவுக்குச் சொன்னீங்களா?"

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு. குரல் அவள் தாயின் குரலைப் போலவே இருந்தது. உச்சரிப்பில் மன்னார் இருந்தது, நான் திருத்தவில்லை. டேனிஷில் கேட்டிருந்தால் என்னால் வேறு பதில் சொல்லியிருக்க முடியும். அந்த மொழியில் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அவள் தமிழில் கேட்டதால் உள்ளதைச் சொன்னேன். சொல்லவில்லை, தெரிந்துதான் சொல்லவில்லை, அவன் தண்ணீரில் போக வேண்டும் என்றுதான் அந்தப் படகைத் தெரிந்தெடுத்தேன் என்று ஒழுங்காக, முழு வாக்கியங்களில் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு வெளியே போய் நின்று உங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

என்னை இங்கே கொண்டு வந்த நாள் முதல் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. அதிகாரி அதைப் பெரிதாகச் சொல்கிறார். நான் அவசரப்படவில்லை. கஜந்தி, இதை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் மாற்றுங்கள்: தாய் இல்லை, மாமாவும் இல்லை, தமிழ் கதைக்க வேண்டும் என்று தோன்றும் நாளில், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?