டீச்சரின் காலும் என் கைராசியும்

கட்டுத் துணியைக் கையால் கிழிக்கவே கூடாது. பிசிறு புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறவிட்டு, நேராக வெட்ட வேண்டும். இந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. எனக்கு வந்தது.

என் மனைவி ஓட்டுநர் பள்ளி நடத்தினாள். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்சை அறிமுகம் செய்துவைத்தவள் அவள்தான். எல்லோருக்கும் அவள் டீச்சர். நான் குடிநீர் அலுவலகத்தில் குழாய் அடைப்புப் புகார்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன். எனக்கென்று தனிப் பெயர் கிடையாது; டீச்சர் வீட்டுக்காரர். வாசலில் மணி அடிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவளுக்குச் சர்க்கரை வெகு காலமாக உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. புது ஷூ ஒன்று கட்டைவிரல் ஓரத்தைக் கடித்திருக்கிறது; அதோடு நாள் முழுக்க வண்டி கற்றுக்கொடுத்திருக்கிறாள். வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துச் சொன்னவனே நான்தான். அன்று சாயங்காலமே டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து கட்டு மாற்றுவது என் பொறுப்பு. பார்க்க வந்தவர்கள் முதலில் காலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மாடி வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே. எனக்குத் தலைவலின்னா டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டார்" என்றாள். அவள் கணவன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் இனித்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம் வைத்தபோது என்னை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கைதட்டினார்கள். மனைவிக்குப் பணிவிடை செய்கிற ஆண் என்றால் ஜனங்களுக்கு ஒரு அதிசயம். கணவனுக்குச் செய்கிற பெண்கள் அந்தக் கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

புண் மட்டும் ஆறவில்லை.

ரத்தக்குழாய் டாக்டர் சின்ன வயதுப் பெண். பாதத்தின் மேலே விரலை வைத்துப் பார்த்தாள், நாடி கிடைக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். முடிவு வந்த அன்று என் மனைவி கட்டுப் போடும் அறையில் இருந்தாள். நான் மட்டும் டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன்.

"முழங்காலுக்குக் கீழ குழாய் அடைச்சிருக்கு சார். ரத்தமே போகல. நீங்க எவ்வளவு சுத்தமா கட்டினாலும், வேருக்குத் தண்ணி விடாம இலையைத் துடைக்கிற மாதிரிதான். தொடையில சின்னதா ஒரு துளை போட்டு, பலூன் விட்டு அடைப்பைத் திறந்துடலாம். ரத்தம் போச்சுன்னா புண் ஆறிடும்."

குழாய் அடைப்பைப் பற்றி எனக்கு அவள் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் புரிந்தது. ஆறின புண்ணுக்கு யாரும் கட்டுப் போடமாட்டார்கள் என்பதும் புரிந்தது.

"அவ ரொம்ப பயந்த சுபாவம் டாக்டர். நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்க. தள்ளிப் போட்டா விரல் போகும், அப்புறம் காலே போகும்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் என் மனைவி கேட்டாள்.

"என்ன சொன்னாங்க? நான் எப்ப வண்டி எடுக்கலாமாம்?"

"ஏதோ பலூன் வைக்கிறதாம். உன் கிட்னி அதைத் தாங்காதாம். கட்டே போதும்னுட்டாங்க."

"சரி. உங்க கைராசியிலயே ஆறட்டும்" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் எதையாவது என் கையில் விட்டது அதுதான் முதல் தடவை. அந்த நம்பிக்கையை எப்படிக் கெடுப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் நான் எடுத்தேன். இன்னும் மனசு வரவில்லை, பேச்சை எடுத்தாலே அழுகிறாள் என்றேன். பிறகு தூரம் அதிகம் என்று சொல்லி, தெருமுனை கிளினிக்குக்கு மாற்றினேன். அந்த டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தார், நான் துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். விரல் நுனி கறுத்தபோது மருந்தின் கறை என்று சொன்னேன். அப்போதும் என் கட்டு சுத்தமாகத்தான் இருந்தது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

காய்ச்சலில் அவள் பிதற்ற ஆரம்பித்த அன்று, அவளுடைய தங்கை வந்து கதவைத் தட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்கே போனாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

தெளிந்ததும் அந்தச் சின்ன டாக்டர் கட்டிலருகே வந்து, "அப்பவே பலூனுக்கு ஒத்துக்கிட்டிருக்கலாமேம்மா. ஏன் அவ்வளவு பயந்தீங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் பயந்தேன்னு சொன்னீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். லாரிகளுக்கு நடுவே அடுத்தவனை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். கால் போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவளுக்கு உறைத்தது. எதற்கு எவ்வளவு வருத்தப்படுவது என்று அவளுக்கு எப்போதுமே தெரியாது.

ஆமாம், சொன்னேன். அவளிடம் ஒன்றும் டாக்டரிடம் ஒன்றுமாகச் சொன்னேன். கால் போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். என் கொழுந்தியாள் உங்களிடம் கொடுத்த புகாரில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் காலில்லாதவளைக் கைவிடுகிறவன் நான் இல்லை. அதையும் அவள் எழுதியிருக்கலாம்.

இப்போது என் மனைவி தங்கை வீட்டில் இருக்கிறாள். கையாலேயே பிரேக் பிடிக்கிற மாதிரி ஒரு காரை மாற்றி அமைத்து, திரும்பவும் பள்ளியைத் திறந்துவிட்டாள் என்று கேள்வி. ஒரு நாள் போய் வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. நான் இல்லாமல் அவள் ரொம்பக் கஷ்டப்படுவாள்.

நான் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டு உரிமையாளர் தனி ஆள், நல்ல மனிதர். அவருக்கும் சர்க்கரை. குதிகாலில் சின்னதாக ஒரு புண் வந்திருக்கிறது, வலியே இல்லையாம். டாக்டர், ஸ்கேன் என்று எதற்கு அலைச்சல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அழுதேவிட்டார்.